31 நாளில் ஒரு கல்வெட்டு: முதல்முறை செய்பவர்களுக்கு

எங்கள் அம்மப்பா 2024 ஆவணியில், 93 வயதில் காலமானார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் எல்லாரையும் கண்டு, கடைசிக் கிழமை வரைக்கும் தானே பேப்பர் வாசித்து, நிறைவாக வாழ்ந்து போன மனிதர். எட்டுச் செலவு (எட்டாம் நாள் சடங்கு) முடிந்த பின்னேரம் பெரியமாமா என்னைக் கூப்பிட்டு, "கல்வெட்டு வேலையை நீ பார் பிள்ளை" என்றார். கையில் இருந்தது இருபத்திரண்டு நாள். அப்போது யாராவது இதைப் படிப்படியாகச் சொல்லித் தந்திருந்தால் எவ்வளவு நல்லாயிருக்கும் என்று பலமுறை நினைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வெளியூர் ஆட்களுக்கு ஒரு சொல்: யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறிய நினைவுமலரைக் கல்வெட்டு என்றே சொல்வோம். படம், திதி வெண்பா, பஞ்சபுராணம் (தேவாரம் முதலான ஐந்து திருமுறைப் பாடல்கள்), சிவபுராணம், வாழ்க்கை வரலாறு, குடும்பத்தாரின் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல் என்று அதற்கு ஒரு வழக்கமான ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை நான் மாற்றவில்லை. ஆனால் பல கல்வெட்டுகளில் பெயரை மட்டும் மாற்றினால் இன்னொருவருக்கும் பொருந்திவிடும். 93 வருசம் சந்தோசமாக வாழ்ந்த மனிதருக்கு அது போதாது.

1. முதலில் திதியை உறுதிசெய்யுங்கள்

உயிர் பிரிந்த நேரத்தை மணி, நிமிடத்தோடு எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் நின்ற திதிதான் கணக்கு. ஒரே நாளிலேயே திதி மாறும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கங்களும் எங்கள் பக்கத்தில் புழங்குகின்றன. நேரம் சற்று வித்தியாசப்படும். உங்கள் குடும்பம் எதைப் பார்க்கிறதோ அதையே ஐயரிடமும் சொல்லுங்கள். எங்களுக்குக் குரோதி வருடம், ஆவணி மாதம், அபரபக்கச் (தேய்பிறை) சதுர்த்தி என்று வந்தது.

இந்த விபரத்தைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வெண்பா கேளுங்கள். நாலே அடி, கடைசி அடியில் மூன்று சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடியவேண்டும். எழுதக்கூடியவர் கிடைக்காவிட்டால் திதியை வசனமாகவே போடுங்கள். தளை தட்டும் (இலக்கணம் பிசகிய) வெண்பாவைவிட நேரான வசனம் எவ்வளவோ மேல்.

2. படம் தேடுதல்

இதை இரண்டாம் நாளே தொடங்குங்கள். வடக்கில் பல வீடுகளில் பழைய படம் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்தைவிட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டார் எடுத்துக்கொண்டது காணி உறுதியும் நகையும் ஒரு பை உடுப்பும்தான். அல்பம் வரவில்லை.

ஆனால் அம்மப்பா வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளுக்குக் கடிதத்தோடு படமும் வைத்து அனுப்புவார். அதெல்லாம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பத்திரமாக இருந்தன. உங்கள் உறவுகளிடமும் கேளுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்ல மறக்காதீர்கள். எங்களுக்குக் கிடைத்த பதினொரு படங்களில் எட்டின் பின்னால் அவருடைய கையெழுத்தில் திகதியும் இடமும் இருந்தன. வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும், டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கான் செய்ய வசதி இருந்தால் சின்னப் படங்களை 600 டிபிஐயில் எடுங்கள். இல்லையென்றால் விறாந்தையில், வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் போனிலேயே எடுக்கலாம். அல்பத்தில் ஒட்டிப்போன படத்தை மட்டும் உரிக்க வேண்டாம்.

3. ஆட்களோடு கதைத்தல்

கல்வெட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அரைவாசி நாட்களை இதற்கு ஒதுக்குங்கள்.

வயதானவர்களிடம் "எந்த வருசம்?" என்று கேட்டால் பதில் வராது. ஊரே நினைவில் வைத்திருக்கும் சம்பவங்களைப் பிடியுங்கள்: 1956 யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது, 58 கலவரம், 64 டிசம்பர் புயல், 74 தமிழாராய்ச்சி மாநாடு, 81 யாழ் நூலக எரிப்பு, 83 கலவரம், 95 இடப்பெயர்வு. அதற்கு முன்னமா பின்னமா என்று கேளுங்கள். அம்மப்பா கோச்சி (ரயில்வே) பகுதியில் வேலை பார்த்தவர். "யாழ்தேவி விட்ட வருசம்தான் எங்கட கலியாணம், அவருக்கு லீவு கிடைச்சதே பெரிய பாடு" என்று அம்மம்மா உடனே சொன்னா. பெரியமாமா பிறந்தது 58 கலவரத்துக்கு முதல், அம்மா பிறந்தது புயலுக்கு அடுத்த மாசி. ஒரு மணித்தியாலத்தில் முப்பது வருசம் வரிசைக்கு வந்துவிட்டது.

அடுத்தது, "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "தங்கமான மனுசன்" என்பார்கள். உண்மைதான், ஆனால் எழுத ஒன்றும் கிடைக்காது. கையால், காலால் செய்ததைக் கேளுங்கள். நான் அம்மம்மாவிடம் கேட்டது: "வேலையால வந்தா முதல் என்ன செய்வார்?"

"படலையடியில வரேக்கையே றலி சைக்கிள் பெல்லை ரெண்டுதரம் அடிப்பார். நான் கேத்திலை அடுப்பில வைப்பன். அவர் கால் கழுவி வர தண்ணி கொதிச்சிடும்."

"பென்சன் எடுத்தாப்பிறகு?"

"அப்பவும் கடைக்குப் போட்டு வந்தா ரெண்டு பெல். சைக்கிள் ஓட ஏலாமப் போனாப்பிறகு கைத்தடியால படலையில ரெண்டு தட்டு."

இதைப் போனில் ஒலிப்பதிவு செய்து, அன்றிரவே எழுதி வைத்தேன். வெளிநாட்டு உறவுகளிடம் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் "அமரர் அவர்கள்" என்று தொடங்கிவிடுவார்கள்.

4. வாழ்க்கை வரலாறு எழுதுதல்

பிறப்பு, படிப்பு, உத்தியோகம், கலியாணம் எல்லாம் ஒரு பக்கத்தில் முடியட்டும். அப்புறம் ஒரு முழுப் பக்கம், அவருடைய ஒரு சாதாரண நாள். விடிய எழும்பியதிலிருந்து படுக்கும் வரைக்கும். எங்கள் கல்வெட்டில் அது ஒன்பதாம் பக்கம். சிரிப்பு வரும் சங்கதி இருந்தால் சேருங்கள். புலம்பல் பாட்டுக்குப் பக்கத்தில் சிரிப்பா என்று ஒரு சித்தி தயங்கினா. நான் விடவில்லை. அவர் சிரித்துச் சிரித்து வாழ்ந்ததை ஒளிப்பதுதான் எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

5. வம்சாவளி

சண்டை வரக்கூடிய பக்கம் இது. மருமக்கள் பெயர் விடுபடக்கூடாது. சிறுவயதிலேயே இறந்த பிள்ளையின் பெயரும் வேண்டும். ஒவ்வொரு கிளையையும் அந்தந்த வீட்டுக்கே அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். உயிரோடிருப்பவர்களின் பிறந்த திகதி, விலாசம் போட வேண்டாம்.

6. அச்சகம்

நடுவில் பின் (ஸ்டேப்பிள்) அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நாலின் மடங்கில் வரவேண்டும்: 24, 28, 32. ஆளுக்கொன்று அடிக்காமல் வீட்டுக்கொன்று என்று கணக்குப் பாருங்கள், பிறகு ஐம்பது கூட்டுங்கள். பழைய அச்சகங்கள் சில இன்னும் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் வேலை செய்கின்றன. நீங்கள் யூனிகோடில் தட்டியதை மாற்றும்போது எழுத்துகள் குழம்பலாம், மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் திரும்பப் பாருங்கள்.

புரூவை (அச்சடிக்க முதல் தரும் மாதிரியை) திரையில் பார்த்தால் போதாது. தாளில் எடுத்து, வீட்டில் மூத்தவருக்குச் சத்தமாக வாசியுங்கள். நான் விறாந்தையில் இருந்து அம்மம்மாவுக்கு வாசித்தேன். தேவாரம் முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டவ, ஒன்பதாம் பக்கத்தில் கையைத் தூக்கி நிப்பாட்டினா. "கைத்தடி இல்லைப் பிள்ளை, குடைக்காம்பு. கைத்தடியை அவர் ஒருநாளும் கையால தொட்டதில்லை. குடையெண்டா ஆருக்கும் தெரியாது எண்டு அதைத்தான் ஊண்டித் திரிஞ்சவர்." முதல் சொன்னது தான்தான் என்று அவவுக்கு நினைவில்லை. சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டேன்.

7. கொடுத்து முடிந்த பிறகு

பத்துப் பிரதியை வெவ்வேறு வீடுகளில் வையுங்கள், எல்லாம் ஒரே அலுமாரியில் வேண்டாம். படங்கள், குரல் பதிவுகள், பீடிஎப் மூன்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கும் கொடுங்கள். 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணைய நூலகத்தில் நினைவுமலர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. குடும்பத்தில் எல்லாரிடமும் கேட்டுவிட்டு அங்கேயும் ஒரு பிரதி கொடுக்கலாம். எங்கள் வீட்டில் இன்னும் ஒரு மாமியின் சம்மதம் வரவேண்டும். வந்ததும் அனுப்ப ஒரு பிரதியை எடுத்து, படத்தடியில், குடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.