‘போரும் வாழ்வும்’ நாவலை இந்தத் தடவை முடித்துவிடலாம்: முதல்முறை படிப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

டால்ஸ்டாயின் இந்த நாவலை நான் நான்கு முறை தொடங்கியிருக்கிறேன். முதல் மூன்று முறையும் நூறு பக்கத்துக்குள் நின்றுபோனது. மூன்று முறையும் நடந்தது ஒன்றுதான். நடுவில் ஏதாவது வேலை வந்து இரண்டு வாரம் விட்டுப்போகும். திரும்ப எடுக்கும்போது பெயர்களெல்லாம் மறந்திருக்கும். சரி, முதலிலிருந்தே படித்துவிடலாம் என்று முதல் அத்தியாயத்துக்குப் போவேன். ஏற்கெனவே படித்த பக்கங்கள் என்பதால் ஆர்வம் இருக்காது, மறுபடி விட்டுப்போகும்.

நான்காம் முறை எட்டு மாதம் சொச்சத்தில் முடித்தேன். அப்போது கைக்கொண்ட வழியை அப்படியே எழுதுகிறேன். பெரிய நாவல் எதையும் படித்துப் பழக்கமில்லாதவர்களும் இதைப் பின்பற்றலாம்.

படி 1: பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்

தமிழில் டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த ‘போரும் வாழ்வும்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் படிக்கப் போகிறவர்கள் முன்னால் மூன்று மொழிபெயர்ப்புகள் வந்து நிற்கும். லூயிஸ் மாட், எய்ல்மர் மாட் தம்பதியர் செய்தது பழையது. டால்ஸ்டாயோடு நேரில் பழகியவர்கள் அவர்கள். குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்டனி பிரிக்ஸ் 2005-இல் செய்தது இன்றைய ஆங்கிலத்தில் தடங்கல் இல்லாமல் போகும். பெவியரும் வொலகோன்ஸ்கியும் 2007-இல் கொண்டுவந்த பதிப்பில், மூலத்தில் உள்ள பிரெஞ்சு உரையாடல்கள் பிரெஞ்சிலேயே இருக்கும், பொருள் அடிக்குறிப்பில் வரும். முதல் தடவைக்கு இது வேண்டாம் என்பேன். நாவல் தொடங்குவதே பிரெஞ்சுப் பேச்சில்தான், முதல் பக்கத்திலேயே கண் மேலும் கீழும் ஓட வேண்டியிருக்கும்.

வாங்கும் முன்பு சுருக்கப் பதிப்பா முழுப் பதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், இது படுத்துக்கொண்டு படிக்க முடியாத அளவுக்குக் கனமான புத்தகம். மேசையிலோ தலையணை மேலோ வைத்துத்தான் படிக்க வேண்டும். கைப்பேசியிலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் பேருந்தில் உதவும்.

படி 2: ஓர் அட்டை தயார் செய்யுங்கள்

இந்த நாவலில் ஐந்நூறு பேருக்கு மேல் வருகிறார்கள் என்று கேட்டதுமே பாதிப் பேருக்குக் கை தளர்ந்துவிடுகிறது. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஐந்து குடும்பங்கள்தான்: ரோஸ்தோவ், போல்கோன்ஸ்கி, பெசுகோவ், குராகின், துருபெத்ஸ்கோய்.

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் பின்பக்கம் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். புத்தக அளவுக்கு வெட்டி, அதில் ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குடும்பப் பெயரை எழுதுங்கள். இதுதான் இனி உங்கள் பக்க அடையாளமும். ஒருவர் மூன்றாவது முறை வரும்போது மட்டும் அவர் பெயரை உரிய கட்டத்தில் சேருங்கள். ஒரே ஒரு விருந்தில் தலைகாட்டிவிட்டுப் போகிறவர்களை எழுதிக்கொண்டிருந்தால் அட்டையும் பத்தாது, உங்களுக்கும் அலுத்துவிடும்.

ரஷ்யப் பெயர்களைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம். நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். அவர்கள் அப்பா பெயரையே நடுவில் வைத்துக்கொள்கிறார்கள். ஆந்திரே நிகலாயெவிச் போல்கோன்ஸ்கி என்றால் நிகலாயின் மகன் ஆந்திரே. அவர் தங்கை மரியா நிகலாயெவ்னா, அதாவது நிகலாயின் மகள். மரியாதையாகக் கூப்பிடும்போது குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதல் இரண்டையும் சொல்வார்கள். ‘இல்யா ஆந்திரேயிச்’ என்று யாரோ கூப்பிட்டால் புது ஆள் வந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள், அது கதாநாயகி நடாஷாவின் அப்பா ரோஸ்தோவ்தான். வீட்டில் கூப்பிடுகிற செல்லப்பெயர் வேறு உண்டு. நிகலாய் என்பவரே நிகோலென்கா, நிகோலுஷ்கா, கோல்யா. இவற்றையும் அட்டையில் அவரவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

படி 3: பக்கத்தை எண்ணாதீர்கள், அத்தியாயத்தை எண்ணுங்கள்

ஆயிரத்து இருநூறு பக்கம் என்பது மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் டால்ஸ்டாய் இதைச் சின்னச் சின்ன அத்தியாயங்களாகத்தான் எழுதியிருக்கிறார். ரஷ்ய மூலத்தின் பகுப்புப்படி 361 அத்தியாயங்கள், மாட் தம்பதியர் பதிப்பில் 365. பெரும்பாலானவை நான்கைந்து பக்கத்தில் முடிந்துவிடும். ஓர் அத்தியாயத்துக்குக் கால் மணி நேரம் போதும்.

நாளுக்கு ஒன்று படித்தால் ஒரு வருஷம். பலரும் அப்படித்தான் திட்டமிடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. நாளுக்கு ஒன்று என்றால் கதை மிக மெதுவாக நகர்கிறது, திங்கள்கிழமை படித்த சண்டை வியாழக்கிழமையும் தீராது. நாளுக்கு இரண்டு, வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்துக்கொண்டேன். வாரம் 12 அத்தியாயம், முப்பத்தொரு வாரத்தில் முடியும். ஏழாவது நாள் விட்டுப்போனதைப் பிடிக்க, இல்லையென்றால் ஓய்வெடுக்க.

நேரத்தைத் தினமும் செய்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். ராத்திரி சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்துப் போட்டபிறகு படிப்பது என் வழக்கம். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கும்.

படி 4: முதல் விருந்தைக் கடப்பது எப்படி

பெரும்பாலோர் விடுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1805 ஜூலை. பீட்டர்ஸ்பர்க்கில் அன்னா பாவ்லோவ்னா ஷேரர் என்கிற அரசவைப் பெண்மணியின் வீட்டில் மாலை விருந்து. நெப்போலியன் ஜெனோவாவையும் லுக்காவையும் எடுத்துக்கொண்டதைப் பற்றி அவர் படபடவென்று பேசுவதோடு நாவல் திறக்கிறது. யார், எவர் என்று ஒரு விளக்கமும் கிடையாது. நமக்கு அந்த அரசியல் தெரியாது, அதனால் வெளியாள் மாதிரி இருக்கும்.

தெரிந்துகொள்ள வேண்டிய சரித்திரம் மூன்று வரிதான். 1805-இல் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து நெப்போலியனை எதிர்த்து, ஆஸ்டர்லிட்ஸில் தோற்றன. 1807-இல் டில்சிட்டில் ரஷ்ய ஜார் அவரோடு சமாதானம் செய்துகொண்டார். 1812-இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குள்ளேயே படையெடுத்து வந்தார். இதை அட்டையின் அடியில் எழுதிவிட்டால் அரசியலைப் பற்றிய கவலை தீர்ந்தது.

விருந்தில் அரசியலை விட்டுவிட்டு ஆட்களின் உடம்பைக் கவனியுங்கள். டால்ஸ்டாய் ஒவ்வொருவரையும் ஓர் அடையாளத்தோடு அறிமுகப்படுத்துவார். கண்ணாடி போட்ட பருமனான இளைஞன், எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறுகிறவன், பியர். பளிங்குத் தோளும் மாறாத புன்னகையும் என்றால் ஹெலன். பிறகு கிராமத்து வீட்டில் வரப்போகிற மரியாவுக்கு அழகில்லாத முகத்தில் ஒளிவிடுகிற பெரிய கண்கள். பெயருக்குப் பக்கத்தில் இந்த அடையாளத்தையும் இரண்டே சொல்லில் எழுதுங்கள். பெயர் மறந்தாலும் கண்ணும் தோளும் மறக்காது.

ஆந்திரேயின் மனைவி லீசா இந்த விருந்துக்குத் தையல் பையோடு வருகிறாள், கர்ப்பிணி. அவளுடைய மேலுதடு கொஞ்சம் குட்டை, மேலே மெல்லிய பூனைமயிர். பேசும்போதும் சிரிக்கும்போதும் அந்த உதடு மேலே போகும், பல் தெரியும். டால்ஸ்டாய் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். ஏன் இவ்வளவு சொல்கிறார் என்றுகூடத் தோன்றும். பல நூறு பக்கம் தள்ளி ஒரு சிறுவன் சிரிப்பான். அவனை அறியாமல் அவன் மேலுதடு அதே மாதிரி உயரும். அந்த வரியில் நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். தொடர்ந்து படித்து வந்தவருக்கு மட்டும் கிடைக்கிற இடம் அது. சுருக்கத்திலோ சினிமாவிலோ அது இப்படி வந்து இடிக்காது.

படி 5: போர்க்களத்தில் குழம்பினால் குழம்புங்கள்

இரண்டாம் பகுதியிலிருந்து போர் வருகிறது. எந்தப் படை எந்தப் பக்கம் நிற்கிறது என்று புரியவில்லையே என்று சிலர் வரைபடம் தேடிப் போய் அங்கேயே நின்றுவிடுவார்கள். தேவையில்லை. களத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் புரியாது என்பதையே டால்ஸ்டாய் காட்டுகிறார். அவரே கிரிமியப் போரில் செவஸ்தபோலில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தவர்.

ஷோன்கிராபன் சண்டையில் இளைஞன் நிகலாய் ரோஸ்தோவின் குதிரை அடிபட்டு விழும். எதிரே சிலர் ஓடி வருவார்கள். அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்பதே அவனுக்கு உறைக்க நேரமாகும். எல்லோரும் பிரியமாக இருக்கிற என்னையா என்று திகைப்பான். இந்த இடத்துக்கு எந்த வரைபடம் உதவும்? ஒவ்வொரு சண்டையிலும் ஒரே ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போங்கள். இங்கே நிகலாயும், சின்னச் சுங்கானைப் பிடித்தபடி பீரங்கிகளுக்கு நடுவே நிற்கிற துஷினும் போதும். பின்னால் 1812-இல் நடக்கிற போரடினோ சண்டையில் பியர்.

படி 6: இரண்டு வரிக் குறிப்பு

முடிப்பதும் விடுவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒவ்வொரு நாளும் படித்து முடித்ததும் ஒரு நோட்டில் இரண்டே வரி எழுதுங்கள். கருத்து வேண்டாம், நடந்தது மட்டும். என் நோட்டிலிருந்து ஒன்று: ‘டோலோகோவிடம் சீட்டாட்டத்தில் நிகலாய் 43,000 ரூபிள் தோற்றான். வீட்டுக்கு வந்தால் நடாஷா பாடுகிறாள்.’

இதை எழுதிய மறுநாள் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. மருத்துவமனை, வீடு என்று ஐந்து வாரம் புத்தகத்தைத் தொடவே இல்லை. பழைய நானாக இருந்தால் மறுபடி அன்னா பாவ்லோவ்னா வீட்டுக்குப் போயிருப்பேன். இந்தத் தடவை நோட்டை எடுத்து அதுவரை எழுதியதையெல்லாம் வாசித்தேன், பத்து நிமிஷம் ஆனது. கடைசியாகப் படித்த அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படித்தேன். தலைக்குமேல் கடனோடு வீட்டுக்குள் வருகிற நிகலாய், தங்கை பாட்டைக் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் ஒரு கணம் மறந்து, தன்னை அறியாமல் கூடவே பாடிவிடுகிற அத்தியாயம் அது. ஐந்து வாரக் களைப்போடு அதைப் படித்தபோது, முதல் தடவை படித்ததைவிட நன்றாகப் புரிந்தது. அடுத்த அத்தியாயத்துக்கு அன்றே போய்விட்டேன்.

ஆகவே எவ்வளவு நாள் விட்டுப்போனாலும் சரி, முதல் பக்கத்துக்கு மட்டும் போகாதீர்கள். நோட்டு, கடைசி அத்தியாயம், அடுத்த அத்தியாயம். பாதி ஆட்கள் மறந்திருந்தாலும் நாற்பது பக்கத்துக்குள் தானாக நினைவுக்கு வந்துவிடுவார்கள். வாரம் 12 என்ற கணக்கில் பாக்கி விழுந்ததைப் பற்றியும் கவலை வேண்டாம். தேதியைத் தள்ளிப் போடுங்கள், அவ்வளவுதான்.

படி 7: ஒரு துணை

என் தங்கை தமிழில் படித்தாள், நான் மாட் தம்பதியர் பதிப்பில். ஞாயிறு ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு, ஐந்து நிமிஷத்துக்கு மிகாமல். யார் முந்திப் போனாலும் கதையைச் சொல்லிவிடக் கூடாது என்பது மட்டும் விதி. வசந்தத்தில்கூடத் துளிர்க்காமல் நின்ற கருவாலி மரத்தை ஆந்திரே திரும்பி வரும்போது அடையாளம் தெரியாமல் தேடுகிற இடத்தை அவள் எனக்கு வாசித்தே அனுப்பினாள்.

படி 8: கட்டுரை அத்தியாயங்களும் பின்னுரையும்

மூன்றாம் தொகுதியிலிருந்து கதையை நிறுத்திவிட்டு, சரித்திரத்தை நடத்துவது யார் என்று டால்ஸ்டாய் வாதிடத் தொடங்குவார். இது நாவலே அல்ல என்று 1868-இல் அவரே எழுதினார், அதனால் இப்படி எழுதும் உரிமையை எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அத்தியாயங்களைத் தாண்டிக் குதிக்க வேண்டாம், அதே சமயம் ஒவ்வொரு வரியோடும் மல்லுக்கட்டவும் வேண்டாம். செய்தித்தாள் தலையங்கத்தைப் படிக்கிற வேகத்தில் போங்கள். பிடித்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு நகருங்கள்.

பின்னுரை இரண்டு பாகம். முதல் பாகத்தில் ஆட்களின் கதை முடிகிறது. கடைசியில் ஒரு சிறுவன் கனவிலிருந்து விழித்து, தன் அப்பாவை நினைத்துக்கொள்கிறான். இரண்டாம் பாகம் 12 அத்தியாயம், முழுக்க வாதம், ஒரு பாத்திரமும் வராது. இரண்டையும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். அந்தச் சிறுவனோடு ஒரு வாரம் இருங்கள். தங்கையும் நானும் அந்த வாரம் முழுக்கத் தினமும் பேசினோம், பேச்செல்லாம் அவனைப் பற்றித்தான். அதற்கப்புறம் அந்த 12-ஐயும் நாளுக்கு இரண்டாக ஆறு நாளில் படித்துவிடலாம்.