பழங்காலச் சிப்பி மணி எந்தக் கடலைச் சேர்ந்தது? வேதியியல் வழியில் கண்டுபிடிக்கும் முறை

கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு பழைய புதைகுழியில் சிப்பியில் செய்த மணி கிடைக்கிறது. ஆய்வகத்துக்கு அனுப்பினால் அது பிறந்த கடற்கரையின் பெயரோடு பதில் வரும் என்று புதிதாக வருபவர்கள் பலர் எதிர்பார்க்கிறார்கள். அப்படி வராது. "இது அங்கிருந்து வந்திருக்க முடியாது" என்பதைத்தான் வேதியியல் உறுதியாகச் சொல்லும். கழித்துக்கொண்டே போனால் மிச்சம் நிற்பதுதான் விடை. அதனால் எந்தச் சோதனையை எதற்குப் பிறகு செய்கிறோம் என்பது முக்கியம்.

படி 1: இனத்தைக் கண்டறிதல்

முதல் கருவி நுண்ணோக்கிதான். டர்பினெல்லா பைரம் என்ற சங்கு இந்தியா, இலங்கையை ஒட்டிய கடல்களில் வாழ்வது. மெசபடோமியாவில் அந்தச் சங்கில் செய்த பொருள் கிடைத்தால், வந்த திசை சோதனையில்லாமலே தெரிந்துவிடும். பணச்சோழி அப்படியல்ல. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் பரவிக் கிடப்பதால், இனம் தெரிந்தும் இடம் தெரியாது. தேய்த்து வழவழப்பாக்கிய சிறு வட்டு மணிகளில் பல சமயம் இனமே தெரியாது.

படி 2: ஓடு கெட்டிருக்கிறதா?

சிப்பி ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அது அரகோனைட், கால்சைட் என்ற இரண்டு படிக வடிவங்களில் இருக்கும். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்தாலோ, நெருப்பில் பட்டாலோ அரகோனைட் கால்சைட்டாக மாறக்கூடும். மாறிய ஓட்டில் கடலின் பதிவுக்குப் பதிலாக நிலத்தடி நீரின் பதிவு இருக்கலாம்.

லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்துப் படிகத்தை அறியும் ராமன் நிறமாலையில் மணியைத் தொடாமலே இதைப் பார்க்கலாம். நிறமாலையில் 206, 704 (அலகு: cm⁻¹) என்ற இடங்களில் உச்சம் இருந்தால் அரகோனைட். 281, 712 என்றால் கால்சைட். ஆனால் கால்சைட் தெரிந்ததுமே கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்பாண்டிலஸ் சிப்பியின் வெளி அடுக்கு உயிரோடு இருக்கும்போதே கால்சைட்தான், உள் அடுக்குதான் அரகோனைட். இனத்தை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

படி 3: மாதிரி எடுத்தல்

அனுமதி, புகைப்படம், எடை, அளவு எல்லாம் முடிந்த பிறகே துளைக்கருவியைத் தொடுங்கள். ஒட்டுவதற்கோ பளபளப்புக்கோ பிற்காலத்தில் பூசிய பசையை நீக்குங்கள். மெதுவாகத் துளையிடுங்கள், சூடேறினால் அரகோனைட் அங்கேயே மாறத் தொடங்கலாம். பின்வரும் படிகளில் ஆக்சிஜனை அளக்கச் சுமார் 0.1 மில்லிகிராம் தூள் போதும். ஸ்ட்ரோன்டியம் என்ற தனிமத்தை அளக்கச் சில மில்லிகிராம் இருந்தால் நல்லது.

எங்கே துளையிடுவது? கண்ணில் படாத மூலையில் என்று அருங்காட்சியகத்தினர் கேட்பது நியாயம். ஆனாலும் வளர்ச்சிக் கோடுகளுக்குக் குறுக்கே வரிசையாகப் பல புள்ளிகள் கிடைக்கும் இடம் வேண்டும். ஏன் என்பது படி 5-இல் தெரியும்.

படி 4: ஸ்ட்ரோன்டியம்

பலரும் சறுக்கும் இடம் இது. மனிதப் பல்லில் ஸ்ட்ரோன்டியம் ஊரைக் காட்டும் என்று படித்துவிட்டு, சிப்பியிலும் அது கடலைக் காட்டும் என்று நம்புகிறார்கள். காட்டாது. ஸ்ட்ரோன்டியம் கடலில் பல மில்லியன் ஆண்டுகள் தங்குகிறது. கடல் முழுவதும் கலந்துவிட அதைவிட மிகக் குறைந்த காலமே ஆகும். ஆகவே திறந்த கடல்கள் எல்லாவற்றிலும் ஸ்ட்ரோன்டியத்தின் இரு ஐசோடோப்புகளான (எடை வேறுபட்ட அணு வகைகள்) 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் ஒன்றேதான், சுமார் 0.7092.

அப்புறம் எதற்கு இந்தச் சோதனை? இரண்டு கேள்விகளுக்கு. ஒன்று, நன்னீர்ச் சிப்பியா என்பது. நன்னீரில் இந்த விகிதம் அந்தப் பகுதிப் பாறையைப் பொறுத்தது. இன்னொன்று, புதைபடிவமா என்பது. கடந்த சுமார் 4 கோடி ஆண்டுகளில் கடலின் விகிதம் படிப்படியாக ஏறியிருக்கிறது. பழைய பாறையிலிருந்து பொறுக்கிய ஓட்டில் விகிதம் குறைவாக இருக்கும்.

ஐரோப்பியப் புதிய கற்கால ஸ்பாண்டிலஸ் அணிகலன்கள் பக்கத்துப் பாறைகளில் கிடைத்த புதைபடிவங்களாக இருக்கலாமோ என்ற சந்தேகம் இருந்தது. ஆய்வாளர்கள் நிக்கலஸ் ஷாக்கிள்டனும் ஹாரி எல்டர்ஃபீல்டும் 1990-இல் ஸ்ட்ரோன்டியம் விகிதத்தைக் கொண்டு அதை விலக்கினார்கள். இறந்து சில ஆயிரம் ஆண்டுகள் கரையில் கிடந்த ஓட்டை இது பிரித்துக் காட்டாது. அதற்கு ரேடியோகார்பன் காலக்கணிப்பு வேண்டும்.

படி 5: ஆக்சிஜன்

எந்தக் கடல் என்ற கேள்விக்கு உதவுவது இதுதான். தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை நிறை நிறமாலைமானியில் அளப்பார்கள். ஆக்சிஜன் 18 என்ற கனமான ஆக்சிஜன் அணுவின் அளவு, நீரின் தன்மையையும் வெப்பத்தையும் சேர்த்துக் காட்டும்.

கருங்கடலில் பெரிய ஆறுகள் கொட்டுவதால் மேல்நீரின் உப்பு ஆயிரத்தில் 18 அளவுதான். மத்தியதரைக் கடலில் சுமார் 38. ஆற்று நீரில் ஆக்சிஜன் 18 குறைவு, எனவே கருங்கடல் ஓடுகளிலும் அது குறைவு. 1970-இல் ஷாக்கிள்டனும் தொல்லியலாளர் காலின் ரென்ஃப்ரூவும் இந்த வேறுபாட்டை வைத்து, பால்கன் பகுதி ஸ்பாண்டிலஸ் கருங்கடலைச் சேர்ந்தது அல்ல, கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடலைச் சேர்ந்தது என்று காட்டினார்கள்.

சிக்கல் வெப்பம்தான். நீர் 4 அல்லது 5 டிகிரி சூடானால் ஓட்டின் ஆக்சிஜன் 18 மதிப்பு ஆயிரத்தில் 1 அளவு குறையும். ஒரே புள்ளியை அளந்தால், குளிர்ந்த உவர்ப்பு குறைந்த கடலும் சூடான உப்புக் கடலும் ஒன்றுபோலத் தோன்றலாம். வளர்ச்சிக் கோடுகளுக்குக் குறுக்கே வரிசையாக அளந்தால் கோடை, குளிர்கால ஏற்ற இறக்கம் முழுவதும் கிடைக்கும். கடல்களை ஒப்பிட அதுவே நம்பகமானது. சாத்தியமான ஒவ்வொரு கடலிலிருந்தும் அதே இனத்தின் இன்றைய ஓடுகளை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரகோனைட்டை அரகோனைட்டோடுதான் ஒப்பிட வேண்டும், இரண்டு படிகங்களுக்கும் மதிப்பு கொஞ்சம் வேறுபடும். மணி பனியுகத்தைச் சேர்ந்தது என்றால் இன்னொரு திருத்தமும் உண்டு: பனியுகத்தின் உச்சத்தில் கடல்நீரின் மதிப்பே ஆயிரத்தில் சுமார் 1 கூடுதல்.

படி 6: நுண்தனிமங்கள்

மெக்னீசியம், பேரியம், மாங்கனீசு ஆகியவற்றை லேசர் கொண்டு அளக்கலாம். சேதமும் மிகக் குறைவு. ஆனால் உயிரியின் வயதும் வளர்ச்சி வேகமும் இவற்றை மாற்றுகின்றன. துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: எழுதுதல்

"இந்த மணி ஏஜியன் கடலிலிருந்து வந்தது" என்று எழுதாதீர்கள். "ஸ்ட்ரோன்டியம் புதைபடிவத்தை விலக்குகிறது, ஆக்சிஜன் வரிசை கருங்கடலோடு பொருந்தவில்லை, ஏஜியனோடும் ஏட்ரியாட்டிக் கடலோடும் (இத்தாலிக்குக் கிழக்கே உள்ளது) பொருந்துகிறது" என்று எழுதுங்கள். இரண்டு கடல்கள் மிஞ்சினால் இரண்டையும் குறிப்பிடுங்கள். ஒவ்வொரு புள்ளியின் மதிப்பு, பிழை வரம்பு, கருவியைச் சரிபார்க்கப் பயன்படுத்திய, மதிப்பு முன்பே தெரிந்த தர மாதிரியின் அளவீடு, துளையிட்ட இடத்தின் படம் ஆகியவற்றையும் இணைத்துவிடுங்கள்.