பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு: தெரபிஸ்ட்டைத் தேடத் தொடங்குபவர்களுக்கு

மனநிலையும் உறவுகளும் சட்டென்று தலைகீழாக மாறும் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என் தங்கைக்கு. அவளுக்காக மூன்று வருடத்தில் நான்கு இடம் ஏறி இறங்கினோம். ஒரு தனியார் கிளினிக்கில், "இவளுக்கு ஒண்ணுமில்லம்மா, எல்லாரும் தன்னையே கவனிக்கணும்னு பண்றா" என்று அவளை வைத்துக்கொண்டே சொன்னார்கள். வீடு வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஆறு மாதம் எந்த மருத்துவரிடமும் வர மறுத்துவிட்டாள்.

கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் இந்தக் கோளாறின் நடு நரம்பு. பேசிப் பேசியே சிகிச்சை தரும் தெரபிஸ்ட் பாதியில் கைகழுவினால், அப்படி ஒவ்வொருவரும் அந்தப் பயத்தை உறுதிப்படுத்திவிட்டுப் போகிறார். அதனால் நிதானமாக, வரிசையாகத் தேடுங்கள்.

படி 1: ஒரு நோட்டுப் போடுங்கள்

இணையத்தில் படித்துவிட்டு நீங்களே பெயர் சூட்ட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள்: என்ன நடந்தது, மனம் எப்படி மாறியது, எத்தனை மணி நேரம் நீடித்தது. அந்தக் கடைசித் தகவல் மிக முக்கியம். அதீத உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோயில் ஒரு மனநிலை பெரும்பாலும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். பார்டர்லைனில் காலையில் சிரிப்பு, மதியம் ஒரு போன் எடுக்கப்படாததால் இருட்டு, இரவில் மறுபடி சாதாரணம் என்று மணிக்கணக்கில் மாறும். இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். உங்கள் நோட்டு மருத்துவருக்குக் கைகொடுக்கும்.

படி 2: முதலில் சைக்காட்ரிஸ்ட் (மனநல மருத்துவர்)

நோயை உறுதி செய்வது அவர் வேலை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஒன்பது அறிகுறிகள் சொல்கிறது: கைவிடப்படும் பயம், ஒருவரைத் தலையில் தூக்கி வைத்து மறுநாள் வெறுப்பது, நான் யார் என்ற குழப்பம், தீராத வெறுமை, அடங்காத கோபம், தன்னைத்தானே காயப்படுத்துவது என்று போகும் அந்தப் பட்டியல். அவற்றில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் நீண்டகாலமாக இருக்க வேண்டும்.

பணம் இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

மாத்திரை பற்றி ஒன்று. இந்தக் கோளாறுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. கூடவே வரும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்குத்தான் தருவார்கள். அதற்காக எழுதித் தந்ததை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முக்கிய வைத்தியம் பேச்சு சிகிச்சைதான்.

படி 3: என்ன தெரபி என்று தெரிந்துகொள்ளுங்கள்

அதிகம் ஆராயப்பட்டது டி.பி.டி. எனப்படும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. கொந்தளிக்கும் உணர்ச்சிகளைச் சமாளிக்கும் திறன்களைக் கற்றுத் தரும் பேச்சு சிகிச்சை இது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷா லினஹன் உருவாக்கியது. பதினேழு வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர்களில் தானும் ஒருத்தி என்று 2011இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். இதைக் கேட்ட அன்றுதான் என் தங்கை, "அப்ப அவங்களுக்குப் புரியும்" என்றாள்.

முழுமையான டி.பி.டி.யில் வாரம் ஒரு தனி அமர்வு, வாரம் ஒரு குழு வகுப்பு, நெருக்கடியில் போனில் வழிகாட்டல் எல்லாம் உண்டு. வழக்கமாக ஒரு வருடம். நம் ஊர்களில் இது அப்படியே கிடைப்பது அரிது. டி.பி.டி. திறன்களைத் தனி அமர்வில் கற்றுத் தருபவர் கிடைத்தாலும் தொடங்கிவிடலாம் என்பதே என் கருத்து. எம்.பி.டி. (மென்டலைசேஷன் அடிப்படையிலான சிகிச்சை), ஸ்கீமா தெரபி போன்ற வேறு பேச்சு சிகிச்சைகளும் இதற்குப் பலன் தருபவையே.

படி 4: முதல் போனிலேயே கேட்க வேண்டியவை

இங்கே அவசரப்படாதீர்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் எழுதி வைத்துப் படியுங்கள்.

"ஆர்.சி.ஐ. பதிவு இருக்கிறதா?" கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். குறுகிய காலப் படிப்பு முடித்துவிட்டுப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள்.

"பார்டர்லைன் உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?" தயங்கி இழுத்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். எடுத்த பிறகு கைவிடுவதைவிட இப்போதே மறுப்பது நல்லது.

"இரண்டு அமர்வுக்கு நடுவில் தொடர்புகொள்ளலாமா? எந்த நேரம், எத்தனை நிமிடம்?" எந்நேரமும் கூப்பிடலாம் என்று தாராளமாகச் சொல்பவரைவிட, இரவு எட்டு மணிக்குள் பத்து நிமிடம் என்று சொல்லி அதைக் காப்பாற்றுபவரே மேல்.

"நீங்கள் லீவில் போனால்?" எங்களுக்கு அமைந்தவர் இதற்குச் சொன்ன பதிலால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தோம். மூன்று வாரம் முன்பே தேதி சொல்வேன், அந்த நாட்களில் யாரிடம் பேசுவது என்று சேர்ந்தே முடிவு செய்வோம், திரும்பி வந்து முதல் அமர்வில் அந்த இடைவெளி எப்படி இருந்தது என்று பேசுவோம் என்றார்.

நாலைந்து மாதத்தில் அதே தெரபிஸ்ட் மேல் கோபமும் வெறுப்பும் வரலாம். உடனே ஆளை மாற்றாமல், அந்தக் கோபத்தையே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவமானப்படுத்தினாலோ, எல்லை மீறினாலோ மட்டும் யோசிக்காமல் வெளியேறுங்கள்.

படி 5: நெருக்கடித் தாள்

மனம் நன்றாக இருக்கும் நாளில் ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். மோசமாகிறது என்பதற்கான முதல் அடையாளம், உடனே செய்வது, கூப்பிட வேண்டிய மூன்று பேர், 14416. உடனே செய்வதில் என் தங்கை எழுதியது ஐஸ் தண்ணீர்: மூச்சைப் பிடித்து முகத்தை முப்பது விநாடி அமிழ்த்தினால் இதயத் துடிப்பு இறங்கும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. மாத்திரை அட்டைகள் எங்கள் அம்மாவிடம்தான் இருக்கும்.

உயிருக்கு ஆபத்து என்றால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று மறைக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு, அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு.

படி 6: வீட்டில் இருப்பவர்களுக்கு

"இதுக்குப் போயா அழுற?" என்பதை விட்டுவிடுங்கள். "உனக்கு அது ரொம்ப வலிச்சிருக்கு, தெரியுது" என்று மட்டும் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள், யோசனை பிறகு. மீட்சி உண்டு என்று நம்புங்கள். அமெரிக்காவில் மேரி ஸனரினி என்ற ஆய்வாளரின் குழு இந்தக் கோளாறு உள்ளவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் தணிந்து குறைந்தது இரண்டு வருடம் அப்படியே இருந்தன. வேலையும் உறவும் சேர்ந்து நிலைபெற்ற முழு மீட்சி பாதிப் பேருக்கு. சமையலறைக் காலண்டரில் போன மாதம் தெரபிஸ்ட்டின் லீவு நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டது என் தங்கையேதான். அந்தப் பத்து நாளில் என்னை இரண்டே முறைதான் கூப்பிட்டாள்.