தொடாத கம்பி ஏன் கத்துகிறது? எலெக்ட்ரிக் கிட்டார் மியூட்டிங்

கிளீன் டோனில் (சிதைக்காத ஒலியில்) ஒழுங்காக வந்த வரி, டிஸ்டார்ஷன் (கரகரப்பாகச் சிதைத்த ஒலி) போட்டதும் சந்தைக்கடை ஆகிவிடுகிறதா? கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, ஏற ஏற, சின்னச் சத்தமும் பெரிய சத்தத்தின் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும். நான் ஆறு மாதம் பெடலையும் கேபிளையும் திட்டிக்கொண்டிருந்தேன், குறை என் கையில்தான் இருந்தது: வாசிக்காத கம்பிகளைத் தொட்டு அடக்கும் மியூட்டிங் எனக்கு வரவில்லை.

வாசிக்காதபோதும் ஓயாமல் ஒரே சீராக முரல்கிறது என்றால் அது மின்சார இரைச்சல், அதற்கு வைத்தியம் வேறு. வாசித்த பிறகு மெல்லத் தேய்ந்து அடங்குகிறதா? அப்படியானால் கம்பிதான்.

ஒரு சோதனை. 6வது கம்பியில் (எல்லாவற்றிலும் தடித்தது) 5வது ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தி ஓங்கி அடியுங்கள், உடனே அந்தக் கம்பியை மட்டும் நிறுத்துங்கள். நீங்கள் தொடவே தொடாத 5வது கம்பி பாடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே சுரம்.

சரி, கைக்கு வருவோம். (இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளவும்.) தடித்த கம்பிகள் வலது கையின் பொறுப்பு: நீங்கள் வாசிக்கும் கம்பியைவிடத் தடித்தவை எல்லாவற்றின் மேலும் உள்ளங்கையின் அடிப்பகுதி சும்மா படிந்திருக்க வேண்டும், கம்பி மாறினால் கையும் கூடவே நகர வேண்டும். மெல்லியவை இடது ஆள்காட்டி விரலுக்கு. விரலைச் செங்குத்தாக நிறுத்தாமல் கொஞ்சம் படுக்கவைத்தால் அதன் அடிப்பக்கம் அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். நுனி பக்கத்துத் தடித்த கம்பியை லேசாக இடித்தால் இன்னும் நல்லது.

நான் மாட்டிக்கொண்டது இதற்குப் பிறகு. 7வது ஃப்ரெட்டில் பவர் கார்டு (தடித்த கம்பிகளில் இரண்டு மூன்றை மட்டும் சேர்த்து அடிப்பது) பிடித்து, மெல்லிய கம்பிகளை ஆள்காட்டி விரலால் ஒழுங்காகத்தான் தொட்டிருந்தேன், ஆனாலும் 'டிங்' என்று மணி மாதிரி ஒரு சத்தம். 5, 7, 12வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே ஒற்றை விரல் லேசாகப் பட்டால் கம்பி அடங்காது, ஹார்மோனிக் எனும் மணி போன்ற மேல் சுரம் எழும்பும். 9வது ஃப்ரெட்டில் இருக்கும் மோதிர விரலையும் சற்றுச் சாய்த்து அதே கம்பிகளைத் தொடவைத்தேன், மணி செத்துப்போனது. இரண்டு இடத்தில் தொட்டால்தான் மியூட், இதை எழுதி ஒட்டி வையுங்கள்.

அப்புறம், விரலை எடுக்கும்போது வெடுக்கென்று பிடுங்காதீர்கள், திறந்த கம்பி ஒலித்துவிடும். முதலில் அழுத்தத்தை விடுங்கள், தொட்டபடியே ஒரு கணம் இருங்கள், பிறகு நகருங்கள்.

நாய்ஸ் கேட் (சத்தம் குறைந்ததும் கதவு போல ஒலியை அடைத்துவிடும் கருவி) வாங்கலாமா என்றால், கற்கும்போது வேண்டாம் என்பேன். ஒரு சுரம் ஒலிக்கும்வரை கதவு திறந்துதான் இருக்கும், குப்பையும் அதன் வழியாகவே வரும். நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படியும் கட்டை) பக்கத்தில் துணிப்பட்டை கட்டுவது ரெக்கார்டிங்குக்குச் சரி, ஆனால் திறந்த கம்பி வாசிக்க முடியாது. பயிற்சிக்குக் கெயினை ஏற்றி வால்யூமைக் குறைத்து வாசியுங்கள், கிளீன் டோன் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

பின்சேர்க்கை: இதையெல்லாம் செய்தும் நிறுத்திய பிறகு தகரச் சத்தம் வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். ட்ரெமொலோ கிட்டாரா (கைப்பிடியால் சுரத்தை வளைக்க, உள்ளே ஸ்பிரிங் வைத்தது)? பின்மூடியைக் கழற்றி, ஆறு கம்பிகளையும் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்கைச் சுண்டிப் பாருங்கள். அதே சத்தமென்றால் ஸ்பிரிங்குகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகினால் போதும்.