சீரியா பெல்லட்: ஃபர்னஸுக்கு முன்பே நடக்கும் தவறுகள்

ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கமிருந்து எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு சீரியாவை (எரிபொருள் செல்லின் நடுவே அயனியைக் கடத்தும் எலக்ட்ரோலைட்டாகப் பயன்படும் சீரியம் ஆக்சைடு) எடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரியில் சின்டர் பண்ணணும் சார்?" என்றுதான். சின்டர் என்றால் அழுத்திய பொடியை உருக்காமல் சுட்டு இறுக்குவது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். ஆனால் நான் பார்த்தவரை, வீணாய்ப்போன பெல்லட்டுகளில் (பொடியை அழுத்திச் செய்த வில்லைகளில்) பாதிக்கு மேல் ஃபர்னஸுக்குள் போகும் முன்பே கெட்டவை.

சீரியம் ஆக்சைடில் நான்கு மின்சுமையுள்ள சீரியத்தின் இடத்தில், மூன்று மின்சுமையுள்ள கடோலினியத்தையோ சமாரியத்தையோ உட்கார வைக்கிறோம். இப்படி இரண்டு கடோலினியம் உட்கார்ந்தால் ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகும். அந்தக் காலியிடங்களில் தாவித் தாவித்தான் ஆக்சைடு அயனி எலக்ட்ரோலைட்டைக் கடக்கிறது. ஆகவே இப்படிச் சேர்க்கும் டோப்பன்ட்டின் அளவு பிசகினால் எல்லாமே பிசகும்.

நம் கரையில் அது பிசகுவது பெரும்பாலும் தராசில். கடோலினியம் நைட்ரேட் ஈரத்தை இழுக்கும் உப்பு. மண்டபம் ஊரில் வடகடலும் தென்கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன; கொண்டல் அடிக்கிற நாளில் பட்டர் பேப்பரில் கொட்டிய படிகம் நம் கண்ணெதிரே பளபளத்து, பேப்பரில் ஒட்டத் தொடங்கும். தராசின் கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். ஏறுவது தண்ணீரின் எடை. பாட்டில் லேபிளில் ஆறு நீர் மூலக்கூறு என்று போட்டிருக்கும். நான்கு முறை திறந்து மூடிய பாட்டிலில் அந்தக் கணக்கு செல்லாது.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. எடை தெரிந்த அலுமினா குரூசிபிளில் ஒரு கிராம் நைட்ரேட்டை எடுத்து, புகைக்கூண்டுக்குள் தெறிக்காமல் மெதுவாகச் சூடாக்குங்கள். பழுப்புப் புகை அடங்கிய பிறகு 900 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். ஈரம் புகாத டெசிகேட்டரில் ஆறவிட்டு எடை பாருங்கள். ஆறு நீரோடு சரியாக இருந்த கடோலினியம் நைட்ரேட் என்றால் 0.402 கிராம் ஆக்சைடு மிஞ்சும். சீரியம் நைட்ரேட்டுக்கு 0.396. உங்களுக்கு 0.38தான் வந்தால் பயப்பட வேண்டாம், அந்த எண்ணை வைத்தே எடையைத் திருத்திக்கொள்ளலாம். இதற்கு ஒரு நாள் போகும். ஆனால் மூன்று மாத அளவீடுகளைத் தூக்கிப் போடுவதை விட அந்த ஒரு நாள் எவ்வளவோ மேல்.

அடுத்தது கணக்குத் தவறு. 10 சதவீத டோப்பிங் என்று நினைத்து 0.9 மோல் சீரியம் ஆக்சைடும் 0.1 மோல் கடோலினியம் ஆக்சைடும் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு கடோலினியம் ஆக்சைடில் இரண்டு கடோலினியம் இருக்கிறதே! கையில் வருவது 18 சதவீதம். 10 கிராம் பொடிக்குச் சரியான அளவு சீரியம் ஆக்சைடு 8.95 கிராம், கடோலினியம் ஆக்சைடு 1.05 கிராம்.

"கூடப் போட்டால் கூடக் கடத்தும்" என்ற நம்பிக்கையும் வேண்டாம். 10 முதல் 20 சதவீதத்துக்குள் கடத்துதிறன் உச்சத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் போனால் காலியிடங்கள் டோப்பன்ட்டோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும்.

என்னை அதிகம் வருத்துவது தண்ணீர் விஷயம். நைட்ரேட் கரைசலிலிருந்து அம்மோனியாவில் படிய வைத்த வீழ்படிவை போர் தண்ணீரில் கழுவுவதை நானே பார்த்திருக்கிறேன். நம்மூர் போர் தண்ணீரை நாக்கில் வைத்தாலே தெரியும், எவ்வளவு உப்பு என்று. அதோடு அதில் கரைந்திருக்கும் சிலிக்காதான் பெரிய எதிரி. சின்டரிங்கின்போது அது பெல்லட்டின் நுண்மணிகளுக்கு இடையே கண்ணாடிப் படலமாகப் பரவி அயனியின் வழியை அடைத்துவிடும். பத்து லட்சத்தில் சில நூறு பங்கு இருந்தாலே போதும். மின்தடையைக் காட்டும் இம்பீடன்ஸ் படத்தில் மணி எல்லைக்கான வளைவு யானை மாதிரி வீங்கி நிற்கும். பொடியில் குறை தேடுவார்கள், குறை இருந்தது கழுவிய தண்ணீரில். காய்ச்சி வடித்த நீர் மட்டும் போதாது. அம்மோனியா கண்ணாடி பீக்கரையே மெல்ல அரித்து சிலிக்காவைக் கொண்டுவரும், பாலிப்ரோப்பிலீன் பாத்திரம் எடுங்கள். மணல் பறக்கிற ஊர், உலர வைக்கும் பொடியை மூடி வையுங்கள்.

சரி, ஃபர்னஸ். 1400 முதல் 1500 டிகிரி. கொஞ்சம் கோபால்ட் ஆக்சைடு சேர்த்தால் இன்னும் குறைவிலேயே இறுகும். பொடியை ஒட்டவைக்கும் பைண்டர் போட்டிருந்தால் 500 டிகிரி வரை அவசரப்படாதீர்கள், பெல்லட் பிளக்கும். முழு அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு சுமார் 7.2 கிராம், அதில் 95 சதவீதமாவது வராத பெல்லட்டில் எரிவாயு ஊடுருவும், அதை செல்லில் பொருத்தாதீர்கள்.

அப்புறம், இன்னொரு எலக்ட்ரோலைட்டான சிர்கோனியாவுக்குப் பழகிய கை சீரியாவையும் 800 டிகிரியில் ஹைட்ரஜனில் ஓட்டிவிடும். அங்கே சீரியத்தில் ஒரு பகுதி மூன்று மின்சுமைக்கு இறங்கி, எலக்ட்ரானும் உள்ளேயே கசியத் தொடங்கும். 1 வோல்ட்டை ஒட்டி வரவேண்டிய திறந்த சுற்று மின்னழுத்தம் (மின்னோட்டம் எடுக்காதபோது செல் காட்டுவது) 0.9க்கும் கீழே சரியும். மூன்று மின்சுமைச் சீரியம் பருமனும் கூட என்பதால் பெல்லட் வீங்கி விரிசல் விடலாம். சீரியாவுக்கு 500 முதல் 600 டிகிரிதான் தோதான இடம். செல்லை அங்கேயே நிறுத்திச் சோதியுங்கள்.