வழி தேடும் புதிர்களில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

அவசரப்படாதீர்கள், பொறுமையாக ஆடுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

எண்ணாமல் கோடு இழுப்பது

எல்லாக் கட்டங்களையும் ஒரே ஒரு முறை தொட்டு முடிக்கும் புதிரில் மணிக்கணக்கை விழுங்குவது இதுதான். அரை நிமிடத்தில் தவிர்க்கக்கூடியது என்பதால் பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிறது.

5×5 பலகையைச் சதுரங்கப் பலகைபோல நினைத்துக்கொள்ளுங்கள். மூலை கறுப்பு என்றால் கறுப்பு 13, வெள்ளை 12. மேலோ கீழோ பக்கவாட்டிலோ, எந்த அடி வைத்தாலும் நிறம் மாறும். ஆகவே 25 கட்டங்களையும் தொடும் பாதை கறுப்பில் தொடங்கிக் கறுப்பில்தான் முடியும். மூலையை ஒட்டிய வெள்ளையில் தொடங்கினால் எப்படி வளைத்தாலும் ஒரு கட்டமாவது மிஞ்சும். மிஞ்சிய அந்த ஒற்றைக் கட்டம்தான் ஆளை ஏமாற்றுகிறது. "இதோ, கிட்டத்தட்ட வந்துவிட்டது" என்று கடைசி நாலு அடியை மட்டும் அழித்து அழித்துப் போடுகிறார்கள். தப்பு முதல் அடியில் இருக்கிறது!

அடைபட்ட கட்டங்கள் இருந்தால் அவற்றைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். இரண்டு நிறமும் சமம் என்றால் தொடக்கம் ஒரு நிறம், முடிவு மற்றொன்று. வித்தியாசம் ஒன்றைத் தாண்டினால் தீர்வே கிடையாது. தொடங்கிய இடத்துக்கே திரும்பச் சொன்னால் இரண்டும் சமமாக இருந்தே ஆகவேண்டும்.

அடுத்து மூலைகள். மூலைக்கு இரண்டே வாசல். பாதை அங்கே தொடங்கவோ முடியவோ இல்லையென்றால் இரண்டையும் இப்போதே வரைந்துவிடலாம். அடைப்பை ஒட்டிய கட்டங்களிலும் இப்படிக் கிடைக்கும்.

கட்டத்துக்கான விதியைக் கோட்டுக்குப் போடுவது

கையெடுக்காமல் எல்லாக் கோடுகள் வழியாகவும் ஒரே ஒரு முறை போகும் புதிர் வேறு கணக்கு. ஒற்றைப்படையாகக் கோடுகள் சேரும் புள்ளிகள் 0 அல்லது 2 இருக்கவேண்டும். இரண்டு என்றால் அவற்றில் ஒன்றில்தான் தொடங்கவேண்டும்.

சிவப்புக் காரையே பார்ப்பது

வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்திச் சிவப்புக் காரை வாசல் வழியே வெளியேற்றும் ரஷ் ஹவர் விளையாட்டில் பலகை 6×6, வாசல் மேலிருந்து மூன்றாம் வரிசை. காரை மறித்து நிற்கும் மூன்று கட்ட லாரிக்கு ஒதுங்க ஒரே இடம்: கீழே கடைசி மூன்று கட்டங்கள். அந்த இடத்தைக் காலி செய்வதிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள்.

சோக்கோபானில் மூலைக்குத் தள்ளுவது

பெட்டிகளைத் தள்ளி இலக்குக் கட்டங்களில் சேர்க்கும் புதிர் இது. பெட்டியை இழுக்க முடியாது. இலக்கில்லாத மூலை என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவது

புதிர் விளையாட்டு வாங்கும்போது நிலைகள் எத்தனை என்று பார்க்காதீர்கள். படிப்படியாகக் கடினமாகிறதா, ஒரு அடி பின்வாங்க வழியுண்டா என்று பாருங்கள்.