டொட் எல்கே, டொட் கொம்: பெயர் எடுப்பதும் கைவிட்டுப் போகாமல் காப்பதும்

டொமைன் என்பது இணையத்தள முகவரிக்காக வருடக் குத்தகைக்கு எடுக்கும் பெயர். குத்தகைப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் காணி கிடைக்கும். விதைத்தவர் யார், வேலி அடைத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தில் டொமைன் கைவிட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தளம் செய்து கொடுப்பவர் தன்னுடைய கணக்கிலேயே பெயரையும் பதிந்துவிடுவார். அல்லது கனடாவில் இருக்கும் தம்பி தன் அட்டையால் காசு கட்டி, தன் பெயரிலேயே எடுத்துவிடுவார். செய்தவர் தொழிலை விட்டபின், அல்லது தம்பியின் பழைய மின்னஞ்சல் திறபடாமல் போனபின், கடைக்காரரால் பெயரைப் புதுப்பிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

அதனால் கணக்கை உரிமையாளரே திறக்க வேண்டும். உரிமையாளர் என்ற இடத்தில் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடி பெயர் வரட்டும். நிறுவனமானால் பதிவுச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் வரட்டும். தளம் செய்பவரைத் தொழில்நுட்பத் தொடர்பாளராகச் சேர்த்தால் போதும். காசை யார் கட்டினாலும் பரவாயில்லை.

பெயரின் கடைசியில் எது வரட்டும், டொட் எல்கேயா டொட் கொம்மா? டொட் எல்கே பெயர்களை எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி 1990 முதல் நிர்வகிக்கிறது. அதன் கீழே வியாபாரங்களுக்குக் கொம் டொட் எல்கே, அமைப்புகளுக்கு ஓஆர்ஜி டொட் எல்கே என்று உட்பிரிவுகள் உண்டு. ஜிஓவி அரச நிறுவனங்களுக்கும், ஏசி உயர்கல்வி நிறுவனங்களுக்கும், எஸ்சிஎச் பாடசாலைகளுக்கும் உரியவை. தனியார் ரியூட்டரிக்கு அவை கிடைக்காது. வாடிக்கையாளர் உள்ளூரில் என்றால் டொட் எல்கே நல்லது. புலம்பெயர்ந்தவருக்குப் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் அனுப்பும் வியாபாரமென்றால் டொட் கொம்மையும் சேர்த்து எடுத்து, ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுங்கள்.

ஆங்கில எழுத்தில் எடுக்கும் பெயரில் எழுத்து, இலக்கம், இடைக்கோடு மட்டும் வரலாம். 63 எழுத்துக்கு மேல் போகாது. இடைக்கோடு முதலிலோ கடைசியிலோ நிற்கக் கூடாது. எங்களுக்குள்ள தனிச் சிக்கல் எழுத்துக்கூட்டல். வட்டுக்கோட்டையை நாங்கள் டீ (D) எழுத்தை இரட்டித்து எழுதுவோம். வெளியூர்க்காரர் ரீ (T) போட்டுத் தேடுவார். 'ழ'வை ஒருவர் இசட்எச் என்பார், இன்னொருவர் எல் என்பார். பெயரை முடிவுசெய்ய முதல் தொலைபேசியில் இருவருக்குச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இருவரும் இரண்டு விதமாக எழுதினால் வேறு பெயர் பாருங்கள், அல்லது இரண்டையும் எடுங்கள்.

தமிழிலேயே பெயர் வேண்டுமென்றால் டொட் இலங்கை 2010 முதல் இருக்கிறது. தட்டும்போது கவனம் தேவை. 'ஔடதம்' என்பதை ஔகாரம் என்ற ஒற்றை எழுத்தால் தட்டுவது ஒரு பெயர். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் கண்ணுக்கு அதேபோலத்தான் தெரியும், கணினிக்கு அது முற்றிலும் வேறு பெயர். இன்னொன்று: கணினி தமிழ்ப் பெயரை உள்ளுக்குள் எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வரிசையாகவே வைத்திருக்கும். சில செயலிகளில் அந்த வரிசையே வெளியே தெரியும்; பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று பயந்துவிடுவார். தமிழ் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்புவதும் எல்லா இடத்திலும் வேலை செய்யாது. தமிழ்ப் பெயரைப் பலகைக்கும் விளம்பரத்துக்கும் வைத்து, அதை ஆங்கில எழுத்துப் பெயருக்குத் திருப்பிவிடுவதே நல்லது.

டொமைன் கிடைத்துவிட்டதால் வியாபாரப் பெயர் உங்களுடையதாகிவிடாது. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். வியாபாரக் குறிக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இன்னொருவரின் பதிந்த குறியை டொமைனாக எடுத்தால், காசு கட்டியிருந்தாலும் முறைப்பாட்டில் இழக்கக்கூடும்.

இனி மின்னஞ்சல். தொடர்பு முகவரியாக அந்த டொமைனிலேயே உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். தவணை தவறினால் டொமைன் நிற்கும். டொமைன் நின்றால் அந்த முகவரியும் நிற்கும். புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் கடவுச்சொல்லை மீட்கும் கடிதமும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். உங்களுடைய தனி ஜிமெயில் முகவரியைக் கொடுங்கள். டொட் கொம் பதிந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் கடிதம் ஒன்று வரும். 15 நாளுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் பெயரை நிறுத்திவைப்பார்கள். அது ஸ்பாமுக்குள் கிடக்கலாம், தேடிப் பாருங்கள். கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைப் பாதுகாப்பை குறுஞ்செய்தியில் மட்டும் நம்பி வைக்க வேண்டாம். உரிமையாளர் வெளிநாடு போனால் இங்குள்ள சிம் செத்துவிடும், குறியீடு வராது. குறியீடு தரும் செயலியைப் போட்டு, மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து வியாபாரப் பதிவுச் சான்றிதழுடன் வையுங்கள்.

ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைத்திருக்கும் இடம், மாற்றும்போது நேம்சேர்வரை மாற்ற முதல் அதிலுள்ள பழைய பதிவுகளை எல்லாம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தளமும் மின்னஞ்சலும் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவுகளை வைத்திருப்பது நேம்சேர்வர்தான். தளம் புது இடத்தில் அழகாகத் திறக்கும். ஆனால் மின்னஞ்சல் போகும் இடத்தைச் சொல்லும் எம்எக்ஸ் பதிவு புது இடத்தில் இல்லாததால் மின்னஞ்சல் சத்தமில்லாமல் நின்றுவிடும். இரண்டு மூன்று நாள் ஓடர்கள் போனபிறகே தெரியவரும். உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பக்கூடிய சேர்வர்களைச் சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. சேர்வர் முகவரியை மட்டும் மாற்றுவதானால், பழைய பதிவை மற்றக் கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் ரீரீஎல் அளவை முதல்நாளே 300 செக்கனுக்குக் குறைத்துவிட்டால் மாற்றம் விரைவில் எல்லோருக்கும் தெரியும். நேம்சேர்வர் மாற்றத்துக்கு 48 மணித்தியாலம் வரை விடுங்கள். பழைய ஹோஸ்டிங்கை அன்றே நிறுத்தாதீர்கள்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டாலும் அட்டை காலாவதியானால் அது தோற்கும். தவணைக்கு ஒரு மாதம் முன்னரே கட்டிவிடுங்கள். தவணை தவறியதால் பதிவாளர், அதாவது பெயரைப் பதிந்து தரும் நிறுவனம், டொட் கொம்மை அழித்துவிட்டால், அதன்பின் 30 நாள் மீட்புக்காலம் உண்டு, ஆனால் கட்டணம் பல மடங்கு. அதன்பின் 5 நாளில் யாரும் எடுக்கலாம். டொட் எல்கேக்குத் தனி விதிகள் உண்டு, டொட் கொம்மின் கணக்கை அதற்குப் போட வேண்டாம்.

டொட் கொம் இப்போது வேறொருவரின் கணக்கில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். பெயரை வேறிடத்துக்கு மாற்றவிடாமல் தடுக்கும் பூட்டை அவர் தன் கணக்கில் திறந்து, மாற்றத்துக்கான இரகசியக் குறியீட்டைத் தர வேண்டும். புதிதாகப் பதிந்தோ மாற்றியோ 60 நாள் ஆகவில்லையென்றால் பெரும்பாலும் காத்திருக்க வேண்டும். இருவரும் ஒரே பதிவாளரிடம் கணக்கு வைத்திருந்தால், உள்ளேயே ஒரு கணக்கிலிருந்து மற்றதற்குத் தள்ளிவிடுவது இன்னும் சுலபம். பெயர் வந்து சேர்ந்ததும் பூட்டைத் திரும்பப் போட்டு, உரிமையாளர் விபரத்தில் பழைய பெயர் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள்.